பதினோரு நொடி

முதல் அட்டை தட்டப்பட்ட நாளில்
எண்களுக்கு ஒரு கூரை போட்டுவிட்டுப் போயிருக்கிறார் யாரோ.
இருநூற்றுப் பதினான்கு கோடியே சொச்சம்.
ரீகாவில் இத்தனை முறை டிராம் ஏறுவார்கள் என்று
யார் கண்டது.

இன்னும் பத்தொன்பது நாள், என்றேன்.
அதற்கப்புறம்?
அதற்கப்புறம் எண் இல்லை.
எண் இல்லையென்றால் பச்சை விளக்கும் இல்லை.
வண்டிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டுச் செய்தால்?
முப்பத்தொரு மணி நேரம்.
குந்தார்ஸ் ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்தார்.
ஏழாம் எண் போய்க்கொண்டிருந்தது, நிறைய ஆட்களோடு.

ஆகவே ஓட்டத்திலேயே.
பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் காலியாக ஒன்று,
எண் உட்காரும் இடம் மட்டும் அகலம்.
இனி விழும் வரி எதுவானாலும்
இரண்டிலும் விழுவதற்கு ஒரு கண்ணி.
விழுந்து கிடப்பவை ஐயாயிரம் ஐயாயிரமாக,
எறும்பு சர்க்கரை கடத்துகிற மாதிரி.
நகல் சர்வருக்கு மூச்சு வாங்கினால் நின்று,
மறுபடி.

ஆறு நாள். ஊரே என் திரையைக் கடந்து போனது.
ஜூன் இருபத்து மூன்று, எந்த ஆண்டானாலும் வரிகள் மெலிந்திருந்தன:
எல்லோரும் தீ மூட்ட வயல்வெளிக்குப் போயிருப்பார்கள்.
ஓர் ஏப்ரலில் வண்டிகள் மட்டும் போயிருக்கின்றன.

ஞாயிறு அதிகாலை மூன்று பன்னிரண்டு.
ஒரே கட்டளை: பழையது ஒதுங்க வேண்டும்,
புதியது அதன் பெயரை மாட்டிக்கொண்டு அமர வேண்டும்.
அமரவில்லை.
கணக்குப் பிரிவு ருடீட்டே வெள்ளி மாலை ஓடவிட்டுப் போன
காலாண்டு அறிக்கை
இன்னும் பழையதைப் படித்துக்கொண்டிருந்தது.
அதன் முதுகில் என் கட்டளை.
என் முதுகில் ஊரில் தட்டப்படும் அட்டையெல்லாம்.
ஏழு. எட்டு. ஒன்பது.
அறிக்கையைக் கொன்றேன்.
இமைப்பதற்குள் பெயர் மாறிவிட்டது.

வரிகளை எண்ணினேன். இரண்டிலும் ஒன்றே.
விடிந்ததும் குந்தார்ஸ் வந்தார்.
ஒன்றுமே நடக்கவில்லையே டைகா, என்றார்.
அவர் வாயில் அது பாராட்டு.

பிழைக் குறிப்பில் மட்டும் ஒன்று:
இரவுப் பேருந்து, ஓர் அட்டை, மூன்று முறை சிவப்பு.
நான்காவது தட்டல் இல்லை.
ஓட்டுநர் தலையசைத்திருக்க வேண்டும், போய் உட்காருங்கள் என்று.

அந்தப் பயணம் எந்த அட்டவணையிலும் கிடையாது.
கையால் சேர்க்கலாம். ஒரு வரி வேலை, ஒன்றரை யூரோ.
விரலை எடுத்துவிட்டேன்.

எங்கே இறங்கினாரோ.
நாங்கள் ஏறுமிடத்தை மட்டும்தான் எழுதி வைக்கிறோம்.