வளியேறும் வழி

சனிக்கிழமை இரண்டரைக்கு வருவான் நிப்லான்,
கொம்பனித்தெருவிலிருந்து, உம்மாவின் ஸ்கூட்டியில்.
டயர்க் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமினால்
பாதி எழுத்தில் நின்றுவிடுவோம் இருவரும்.

ஒன்பது வயது.
பஸ்ஸை நிறத்தால் அறிவான்,
ஊர்களைக் கொண்டக்டரின் குரலால்.
பாடசாலை அறிக்கையில்
மூன்று தவணையாக ஒரே வரி: கவனம் போதாது.
அதை அவனால் வாசிக்க முடியாதது
ஒரு சின்னக் கருணை என்று நினைத்திருந்தேன்.
பிறகுதான் தெரிந்தது,
இரண்டாம் வகுப்புத் தங்கச்சி
உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

முதல் நாள்
கொழும்பு என்று எழுதி வைத்தேன்,
சொந்த ஊர்தானே என்று.
முன்னால் நின்றது கொம்பு.
தனக்கென்று ஒரு சத்தமும் இல்லாதது.
அதன் முன்னே அவனும் நின்றான்,
சிவப்பு விளக்கில் நிற்பது போல.
பிறகு எ என்றான்.
பிறகு கா.
எகாழும்பு என்றொரு நகரம்
சற்று நேரம் எங்கள் மேசையில் இருந்தது.

இடமிருந்து வலம் போ என்று சொன்னதும் நான்தான்.
இப்போது சொல்கிறேன்:
தாண்டு, க-வைப் பிடி, திரும்பி வா,
அந்தப் பக்கக் காலையும் சேர்த்துக்கொள்.
சோடா மூடி ஒன்றில் க்,
இன்னொன்றில் ஒ.
தள்ளு. முட்டட்டும். சொல்லு.

பத்தாம் தடவையோ என்னவோ
அவனே சொன்னான்:
"கொண்டக்டர் முதல்ல குதிப்பான் டீச்சர்,
பஸ் பிறகுதான் நிக்கும்.
அதுதானே கொம்பு?"
அதுதான்.
இருபது வருடப் பயிற்சிக் கையேடுகளில்
அந்த கொண்டக்டரை நான் கண்டதில்லை.

பம்பரத்தில் இரண்டு ப.
தொண்டையில் விரல் வைத்துப் பார்:
ஒன்று சும்மா இருக்கும், மற்றது அதிரும்.
எழுத்து ஒன்றுதானே என்றான்.
ஒன்றுதான்.
அப்ப எப்படித் தெரியும்?
நியாயமான கேள்வி, நிப்லான்.

ஒரு நாள் என் பொறுமை போயிற்று.
"இப்பத்தானே சொன்னேன்!"
எழுத்துக்கூட்டாமலே
அவனுக்குத் தெரிந்த வசனம் அது.
மூடிகளைத் தானே பொறுக்கி
டப்பாவில் போட்டு மூடினான்.

அடுத்த கிழமை அட்டைகளை விட்டுவிட்டுப்
பலகைகளை வாசிக்கக் கிளம்பினோம்,
உம்மாவும் தங்கச்சியும் கூட.
கடலோரம் ஒரு ரயில் நிலையம்.
மூன்று மொழிப் பலகை,
எங்கள் மொழி இரண்டுக்கும் நடுவில், ஒடுங்கி.
தங்கச்சி ஒரே மூச்சில்: வெளியேறும் வழி!
நானும் தலையாட்டிவிட்டேன்.

அவன் விரலை ஆகாயத்தில் வைத்து
ஒவ்வொன்றாய்த் தொட்டான்.
வ.
ளி.
யே.
"இல்ல. இதில கொம்பு இல்ல.
வெ இல்ல. வ."

பார்த்தேன்.
இல்லைதான்.
எத்தனை வருடமாக
இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன்.
இந்தப் பலகையை நான் வாசித்ததேயில்லை,
ஊகித்திருக்கிறேன்.
இருப்பதை வாசித்தவன்
அன்று அந்த மேடையில் ஒருவன்தான்.
கொம்பு விழுந்த இடம்
விழுந்து பழகியவனுக்குத்தானே தெரியும்.

"வளி எண்டா என்ன, டீச்சர்?"
காற்று.
"அப்ப இது காத்து ஏறுற வழி!"
சொல்லி முடிப்பதற்குள் தண்டவாளம் தாண்டி
உப்போடு வந்து ஏறியது காற்று,
உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.
தங்கச்சி வாயைத் திறக்கவில்லை.

வீடு திரும்பும்போது கேட்டான்:
"அத எழுதின ஆளுக்கும்
கவனம் போதாதா?"

இந்தச் சனிக்கிழமை
தெருவைத் தரு என்று எழுதினான்.
தரு என்றால் மரம்.
சொல்லவில்லை.
கீழே யாருடைய டயருக்கோ
வளி ஏறிக்கொண்டிருந்தது.
அது ஓயும்வரை காத்திருந்தோம்,
அவன் விரல் த-வுக்கு முன்னால்
வெறும் தாளில்.