செவிக்கோல்

ஊர் உறங்கிய பிறகுதான் என் வேலை.
பகலில் மினிபஸ், பள்ளிக்கூடம், பாங்குச் சத்தம், நாய்கள்.
இரவு ஒன்றரைக்கு மேல்
ரைலண்ட்ஸ் தெருக்களில்
நிலத்துக்கு அடியில் இருப்பது மட்டும் பேசும்.

நாலடி இரும்புக்கோல்.
ஒரு முனை தெருவோர வால்வின் மேல்,
மறுமுனை என் காதெலும்பில்.
நல்ல குழாய் ஒன்றும் சொல்லாது.
உடைந்த குழாய்,
சூடு பட்டவன் பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல்
ஸ்ஸ்ஸ் என்று.

பதினோரு வருடம்.
கசிவு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு
என்று பீற்றிக்கொள்வேன்,
ஆளுக்கு நாளைக்கு ஐம்பது லிட்டர் என்று
கேப் டவுன் எண்ணத் தொடங்கிய
அந்தக் கோடை வரை.

அணையின் தரை வெடித்த படம் எல்லார் செல்பேசியிலும்.
நியூலண்ட்ஸ் ஊற்றில் நடுச்சாமத்திலும் வரிசை.
ரஞ்சிதமணி, என் மனைவி,
குளித்த நீரை வாளியில் பிடித்து
பாதி கழிப்பறைக்கு, பாதி கறிவேப்பிலைக்கு.
அந்த மாதங்களில் எங்கள் ரசத்தில்
லேசாகச் சோப்பு மணந்தது.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள்:
அரிசி கழுவ ரெண்டு, பல் துலக்க அரை.

தென்துருவத்துப் பனிமலை ஒன்றை
கயிறு கட்டி இழுத்து வரலாம் என்றார்கள்.
டெப்போவில் எல்லாரும் சிரித்தோம்.
நொம்சா மட்டும் கேட்டாள்,
வந்தால், அதற்கு மீட்டர் மாட்டுவது யார்?

பனிமலை வரவில்லை.
ஆதம் ஈசாக் வந்தான்.
மூன்றாம் வீட்டுக்காரன், துருவக் கப்பலில் சமையல்.
மீன் பெட்டியில், சாக்கில் சுற்றி
தலையணை அளவில் ஒரு துண்டு.
வெள்ளை என்று நினைத்திருந்தேன்.
உள்ளே
அடிபட்ட நகத்தின் நீலம்.

பனியாறு கடலைத் தொடும் இடத்தில்
தினம் உடைந்து விழுகிறதாம்.
முன்பு எப்போதாவது எழுந்து போய்ப் பார்ப்போம்,
இப்போது சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்கிறோம் என்றான்.
காதை வை, சத்தம் வரும்.

காதை வைக்கவில்லை, கோலை வைத்தேன்.
பழக்கம்.

ஸ்ஸ்ஸ்.

உள்ளே அடைபட்ட பழங்காற்று
குமிழ் குமிழாய் வெளியேறுகிறது,
ஒரு புகைக்கூண்டும் இல்லாத காலத்துக் காற்று என்று
ஆதம் விளக்கிக்கொண்டே போனான்.
என் கை தானாக
துண்டைச் சுற்றித் தடவியது,
மேலே, கீழே,
மேசைக்கு அடியிலும்கூட.
வால்வு இல்லை.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
உறைந்தது விலகுகிறது.
விலகி, உருகி, உப்போடு உப்பாகிறது.
அந்தப் பெரிய உடைப்பைச் சொல்ல
எந்த எண்ணுக்கு அழைப்பது?
அழைத்தால் எடுப்பவன்
தெருப்பெயர் கேட்பானே.

காலையில் வாளியில் ஆறரை லிட்டர்.
கழிப்பறைக்கு ஊற்ற மனம் வரவில்லை.
ஆளுக்கொரு தம்ளர் குடித்தோம்;
ருசி என்று ஒன்றும் இல்லை,
பல் மட்டும் கூசியது.
ரஞ்சிதமணி பேனாவை எடுத்து
தாளில் எழுதினாள்: பனி, ஆறரை.
இது சும்மா வந்ததுதானே, கணக்கில் ஏன்?
எங்கேயோ குறைஞ்சிருக்கு இல்ல, என்றாள்.

அன்றிரவு பெல்கிரேவியா சாலையில்
ஒரு மெலிந்த சீறல்.
கொசு அளவு.
சின்னது, திங்கட்கிழமை பார்ப்போம் என்று
நொம்சா வண்டியின் கதவைத் திறந்தாள்.

நான் மண்வெட்டியை எடுத்தேன்.
உனக்கென்ன பைத்தியமா என்றாள்.
இருக்கலாம்.
முழங்கையளவு தோண்டியதும்
துருவோடு, ஈரத்தோடு
கைக்கு அகப்பட்டது.

நொம்சா, டார்ச்சை இப்படிப் பிடி.
இதற்கு வால்வு இருக்கிறது.