மூக்கோரம் ஒரு விரல்

தக்கோராடி துறைமுகத்தில்
கோக்கோ மூட்டைக்கு எடை எழுதுகிறேன்.
அறுபத்து நாலு கிலோவில் அரைக் கிலோ குறைந்தாலும்
லாரியை நிறுத்திவைப்பேன்.

என் கண்களுக்கும் எண் உண்டு.
வலது இருபத்தாறு, இடது இருபத்தெட்டு.
அப்பாவுக்கு யாரும் அளந்ததில்லை;
கதவென்று நினைத்து அவர் அலமாரியைத் திறந்த அன்றுதான்
வீட்டுக்கே தெரிந்தது.

மருந்து வந்தபின் பதினேழு.
ராத்திரிக்கு ஒரு சொட்டு, ஏழு வருடம்,
கல்யாணத்தன்று மட்டும் மறந்தேன்.

இப்போது எக்கோவுக்கும் எனக்கும் பிள்ளை வேண்டும்.
மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாளைப் பிரித்தேன்.
எறும்பெழுத்து.
கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்கவும்.
அதற்குமேல் அந்தத் தாளுக்கு வாயில்லை.

எக்கோவின் அக்கா வாயைத் திறந்தாள்:
"பத்து மாதம்தானே அராபா, விட்டுத் தொலை."
போன பார்வை பதினோராம் மாதம் வருமா
என்று கேட்டிருக்கலாம்.
அடுப்பில் கென்கே வெந்துகொண்டிருந்தது,
தண்ணீர் ஊற்றப் போனேன்.

டாக்டர் பென்ட்சில் சரி என்றும் சொல்லவில்லை
கூடாது என்றும் சொல்லவில்லை.
"வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம்
யார் சோதித்துப் பார்ப்பார்கள்?
தெரிந்தது கொஞ்சம்தான்.
இந்தச் சொட்டை நிறுத்துவோம். முதலில் லேசர்.
போதாவிட்டால் வேறொரு மருந்து, ஆகக் குறைந்த அளவில்.
பிரசவம் நெருங்கும்போது மறுபடி பேசுவோம்."

பிறகு என் விரலைப் பிடித்து
மூக்கோரம், கண்ணின் மூலையில் வைத்தார்.
"இங்கே ஒரு சின்ன வடிகால்.
கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பிடி, இரண்டு நிமிடம்.
கண்ணுக்குப் போட்டது கண்ணோடு நிற்கட்டும்."

ஏழு வருடமாக
தொண்டையில் கசந்து இறங்கியதெல்லாம்
இந்த வழியாகத்தானா?

லேசர் போதவில்லை.
அதனால் தினமும் காலையில்
படுக்கை ஓரம் உட்கார்ந்து நூற்றிருபது எண்ணுகிறேன்.
கருவுக்கும் கருவிழிக்கும் நடுவே
ஒரு விரல்.
எண்பதில் எக்கோ ஏதாவது கேட்பான்,
மறுபடி ஒன்றிலிருந்து.

ஆறாம் மாதம் அளந்தார்கள்: பதினைந்து, பதினாறு.
சிலருக்கு இப்படி, கர்ப்பமே அழுத்தத்தை இறக்கிவிடும்
என்றார் டாக்டர்.
எடை ஏற ஏற இறங்கும் எண்ணை
என் தராசு வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அன்றே பார்வைப்புலச் சோதனையும்.
வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து
வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.
இடது மேல்மூலை வெகுநேரம் சும்மா இருந்தது.
தெரியாமல் போனதா, வரவே இல்லையா
என்று பயந்துகொண்டிருந்தபோது
நீ உதைத்தாய்.

அழுத்திவிட்டேன்.

இயந்திரம் அதைப் பிழையென்று
குறித்துக்கொண்டது.