ஒரு முழம் பின்னால்

ஊஞ்சப்பள்ளத்தில் தண்ணீர் இல்லை.
மணலில் கடமான். ஆண், ஏழெட்டு வயது,
இடப்பக்கம் மேலே தெரியச் சாய்ந்து கிடந்தது.
"கறியில ஒரு துண்டு கொறையலீங்க டாக்டரம்மா,
நரிகூட இன்னும் வரலீங்க" என்றார் சிக்கையன்.
கத்திக்கு முன்னால் டேப்பை எடுத்தேன்.

கடைசி விலாவுக்கு இரண்டு விரல் பின்னால்
முதல் துளை.
ஓரம் கறுத்து, சீழ் கட்டி, புழு வைத்திருந்தது.
நான்கு நாள் இருக்கும்.
வயிற்றைத் திறந்ததும் வந்த வாடை
சிக்கையனை வேலமரம்வரை தள்ளிக்கொண்டு போனது.
உள்ளே, மென்ற மூங்கிலிலைக்கு நடுவில்
முறிந்த கார்பன் தண்டு, மூன்று அலகு முனை.

எய்தவனே,
உன் பெயர் தெரியாது. அவசரம் தெரிகிறது.
துளையின் சாய்வு சொல்கிறது, நீ மரத்தின்மேல் இருந்தாய்.
மான் உனக்குப் பக்கம் காட்டவில்லை,
கொஞ்சம் உன்னைப் பார்த்த வாக்கில் நின்றது.
தோள் எலும்பு நெஞ்சை மூடியிருந்தது.
ஒரு எட்டு வைக்கட்டும் என்று இருந்திருக்கலாம்.
முன்னங்கால் முன்னே போகும்போது
முழங்கைக்குப் பின்னே
ஓர் உள்ளங்கை இடம் திறக்கும்.
நுரையீரல் இரண்டும் அதற்குள். இதயத்தின் மேல்பாதியும்.
அந்த உள்ளங்கையைத் தவிர
மற்ற உடம்பில் எங்கேயும் உனக்கு வேலை இல்லை.
திறக்கவில்லையா, நாணை இறக்கிவிட்டு
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கலாம்.

நானும் பெரிய யோக்கியம் இல்லை.
போன மாசியில், புளியம்பட்டிப் பக்கம்
மக்காச்சோளக் காட்டில் நின்ற காட்டெருமைக்கு
மயக்க ஊசி போடப் போனேன்.
வரப்பெல்லாம் செல்போன். "போடுங்க, போடுங்க."
தொடை திரும்பட்டும் என்று மூச்சடக்கி நின்றவள்
ஒரு நொடி முந்திவிட்டேன்.
ஊசி வயிற்றில்.
அது ஓடிய திசையில் கிணறு. சுற்றுச்சுவர் இல்லை.
அந்த அறிக்கையில்
சுவரைப் பற்றி ஒரு பத்தி உண்டு.
என் விரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டாவது துளையைத் தேட வேண்டியிருந்தது.
முழங்கைக்குப் பின்னே, மயிருக்குள்,
சின்னதாய் மூன்று இதழ்.
அதே முனைதான். ஆனால்
வெட்டு சவரக்கத்தி போட்டதுபோல் இருந்தது.
நடுவில் தீட்டியிருக்கிறாய்.
விலா எதையும் உரசாமல் போய்
நெஞ்சுக்கூட்டை ரத்தத்தால் நிரப்பியிருந்தது.
இன்றைக்கு விடியற்காலை.
பத்து மூச்சுகூட விட்டிருக்காது.
அம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மானை விட்டுவிட்டாய்.

சிக்கையன் பள்ளத்தோடு மேலே போய்ப் பார்த்து வந்தார்.
"கத்தாழைல ரத்தம் காஞ்சிருக்குதுங்க.
அக்கட்டால பாறையில ரெண்டு சொட்டு.
செருப்புத் தடம் கூடவே வருதுங்க, ஒருத்தன்தான்.
மான் படுத்த எடத்துலெல்லாம்
அவனும் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கறான்.
தொரத்தலீங்க."
பிறகு, யாருக்கோ சொல்வதுபோல்,
"ஆனை நடமாடற எடம்" என்றார்.

துளைக்கும் துளைக்கும் நடுவே
டேப்பில் ஒரு முழம்.
அதைக் கடக்க உனக்கு நான்கு நாள்.

படிவத்தில் மரணக் காரணத்துக்கு ஒரே கட்டம்.
"எந்த அம்புன்னு எழுதறீங்க?"
'முதல் அம்பு, வயிறு' என்று எழுதினேன்.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.
இரண்டாவதற்கு அளவு மட்டும் குறித்தேன்:
முழங்கைக்குப் பின் ஐந்து சென்டிமீட்டர்,
நெஞ்சடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்,
சாய்வு இல்லை.

சாய்வு இல்லை என்றால்
நீ மரத்தில் இல்லை.
இறங்கி, அது நின்ற மணலிலேயே நின்றிருக்கிறாய்.
இதை எழுதக் கட்டம் இல்லை.

எரிப்பதற்கு விறகு போதாதென்று
சிக்கையன் இன்னொரு நடை போனார்.