தடைக்காலப் பட்டியல்

ஏப்ரல் பதினைந்து.
பாம்பன் கரையில் படகு ஏறிவிட்டது.
கஸ்பார் கையில்
வருசா வருசம் வாங்கும் நாற்பது பக்க நோட்டு.
இடுக்குக்குப் பஞ்சு.
விசிறியைக் கழற்றிப் பார்க்கணும்.
ஆணி ஒவ்வொன்றும் தட்டிப் பார்க்கணும்.

தண்ணீர் உள்ளே வருமுன்னே
அது வரப்போகும் வழியைத் தேடி
படகுக்கடியில் படுத்துக் கிடப்பார், அண்ணாந்து,
காதில் பென்சில்.

அதே மனுசன்தான்
சமையல்கட்டுக் குழாய் சொட்டினால்
'துணியச் சுத்தி வை, பாக்கலாம்' என்பார்.
மூன்று துணி மாற்றிவிட்டேன்.

போன ஐப்பசியில் அவர் கடலில்.
குளியலறைக் குழாய் என் கையோடு வந்தது.
உப்பு தின்ற கழுத்து.
மாடிக்கு ஓடி மூடப் பார்த்தால்
வால்வு அசையவில்லை.
வீடு கட்டிய அன்று திறந்தது,
பதினொரு வருசமாய் அதை யாரும் தொட்டதில்லை.

நாலு நாளைக்கு ஒருதரம் வரும் காவிரித் தண்ணி,
முழுசாய் ஆயிரம் லிட்டர்,
ஜெசிந்தாவின் பாவாடையைத் தள்ளிக்கொண்டு
அக்காள்மடம் தெருவில் இறங்கியது.
தெரு குடத்தோடு ஏறி வந்தது.
என் குளியலறை வாசலில் வரிசை,
வரிசையில் சண்டை,
சண்டைக்கு நடுவே நான், ஈரச் சேலையோடு,
'தள்ளி நில்லுங்கடி, எல்லாருக்கும் இருக்கு' என்று.

தங்கச்சிமடத்திலிருந்து நம்புராஜன்
'இந்தா வந்துட்டேன்க்கா' என்றான் போனில்.
வந்தபோது தொட்டி காலி.
'மாசம் ஒருக்கா திருகி விட்டிருந்தா போதுமே'
என்றான், வால்வை அறுத்தெடுத்தபடி.
'இன்னும் ரெண்டு இருக்கு பாருங்க, அதே வயசு.'

ஆகவே நானும் எழுதினேன்,
ஐஸ் கம்பெனி பில்லின் பின்பக்கம்.

வால்வு மூன்றும் மாதம் ஒருதரம்
முழுக்க மூடி, முழுக்கத் திறக்க.
வேறு காரணம் ஒன்றுமில்லை,
இன்னும் அசையும் என்று தெரிந்துகொள்ளத்தான்.
எந்த நாள்?
ஒன்றாம் தேதி சீட்டுக்காரி வருவாள், மறந்துபோகும்.
அமாவாசை என்று போட்டேன்.
பக்கத்து வீட்டில் பூசணிக்காய் உடையும் சத்தம்
எனக்கு ஞாபகப்படுத்தும்.

மாடித் தொட்டி, காற்று மாறும்போது.
கச்சான் எழுமுன் ஒருதரம்
வாடை வருமுன் ஒருதரம்.
கழுவிய தேதி மூடியின் மேல்.
படகு நம்பர் எழுதி மிஞ்சிய பெயிண்ட் போதும்.

வாஷர் ஆறு, டெஃப்லான் டேப் இரண்டு
அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கட்டும்.
குழாய் இனி இரும்பு வேண்டாம்,
யார் வந்து என்ன சொன்னாலும்.

படுக்குமுன் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு
தொட்டிக்குள் தண்ணி நிற்கும் இடத்தில் ஒரு கோடு.
விடிந்ததும் பார்க்க.
கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால்
வீடு எங்கோ கசிகிறது
நம்மிடம் சொல்லாமல்.

போர் மோட்டாருக்கு ஃபுட் வால்வு.
எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன்.
ஆயிரத்து எண்ணூறு.
தடைக்கால நிவாரணம் வந்தால்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அவர் நோட்டின் மேல் வைத்தேன்.
சோறு ஆறிப்போகும்வரை படித்தார்.
'யாரு செய்றதுன்னு பேரே போடலையே.'
'உங்க நோட்டுல போட்டிருக்கா?'

கருவாட்டு முள்ளை எடுத்து
தட்டின் ஓரத்தில் வைத்தார்.
கை கழுவப் போனவர் திரும்பவில்லை.

பின்கட்டில் டார்ச் வெளிச்சம்.
தேங்காயெண்ணெய் எங்கே என்று ஒரு குரல்.
பிறகு மூச்சைப் பிடிக்கும் சத்தம்,
ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு, கிரீச்.

காதிலிருந்து அவர் கழற்றி வைத்த பென்சிலால்
பில்லில் முதல் வரிக்கு நேரே எழுதினேன்:
கால் சுற்று. மிச்சம் நாளைக்கு.