தொண்ணூற்றெட்டு

கல்லாவிக்கு மேற்கே எழுபதடிக் கிணறு,
பாதிக்குமேல் பாறை.
அடித்தண்ணியை இறைக்க
டீசல் இன்ஜினைக் கயிறு கட்டி உள்திட்டில் இறக்கியிருந்தார்கள்.
சேறு வாரக் கூடவே இறங்கியவர் சென்றாயன்.

நாங்கள் போனபோது அவர் மேலே கிடந்தார்.
இன்ஜின் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தப்போகிறேன் என்று ஒருவர் படியில் கால் வைக்க
என் தொண்டை கிழிந்தது.

உதட்டில் நீலமில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
"மூச்சு இருக்குதுங்க," என்றார் மச்சான் வேடியப்பன்.
இருந்தது,
ரேஷன் வரிசையில் நிற்பவரின் மூச்சுபோல
அவசரமே இல்லாமல்.

விரலில் கிளிப்பை மாட்டினேன்.
தொண்ணூற்றெட்டு.
கழற்றி என் விரலில் மாட்டினேன்.
தொண்ணூற்றெட்டு.

திம்மராயன் வண்டியை எடுத்தார்.
முகமூடி, பதினைந்து லிட்டர், பட்டையை இறுக்கினேன்.
"எம் பொண்ணு தொண்ணூத்தெட்டு வாங்கினா
ஊருக்கே சாக்லேட்டு குடுப்பேன்.
அப்புறம் எதுக்குங்க இது?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.
மத்தூர் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது:

ரத்தத்தில் ஓடுவது டவுன் பஸ்.
வண்டிக்கு நாலே சீட்டு.
முதல் ஆள் ஏறுவதுதான் பாடு,
அவன் உட்கார்ந்துவிட்டால் மற்ற சீட்டும் இளகிக் கொடுக்கும்.
தொடைச்சதை உழைத்துச் சூடேறிப்
புளித்துக் கிடக்கும் நிறுத்தத்தில்
விசில் ஊதாமலே இறங்கிக்கொள்ளும் ஆக்சிஜன்.
திரும்புகாலில் கரியமில வாயு.
அது பெரும்பாலும் பஸ் ஏறாது,
ரத்தத் தண்ணியில் கரைந்து நடந்தே வரும்.

அந்த நடைக்கூட்டம் பெருகினால்
மூளையின் அடித்தண்டு மோப்பம் பிடித்துவிடும்.
மூச்சை அடக்கிப் பாருங்கள்.
முதலில் நெஞ்சை முட்டுவது ஆக்சிஜன் பசி அல்ல,
கரியை வெளியே தள்ளு என்கிற அதட்டல்.
கழுத்து நாடி பிரியும் கவட்டையில்
நெல்மணி அளவு இன்னொரு காவல் உண்டு.
ஆக்சிஜன் கணக்கு அதனுடையது.
ஆனால் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்க்காது,
ஸ்டாண்டில் உதிரியாய் நிற்பவர்களை மட்டும் எண்ணும்.

இன்ஜின் புகைக்குள் ஒளிந்து வந்த வாயுவுக்கு
வாசமும் இல்லை, நிறமும் இல்லை.
ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு பிடிப்போடு
சீட்டில் உட்காரும். இறங்காது.
பக்கத்து சீட்டுக்காரனையும் இறங்கவிடாது.

அடித்தண்டுக்குப் புகாரில்லை,
கரி வெளியேறிக்கொண்டுதானே இருக்கிறது.
நெல்மணிக்கும் புகாரில்லை,
உதிரி ஆட்கள் குறையவில்லையே.
கிளிப்பின் சிவப்பு விளக்குக்கு சீட்டு நிரம்பினால் போதும்,
யார் உட்கார்ந்திருப்பது என்று கேட்கத் தெரியாது.
எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.
அந்தக் காகிதத்துக்குக் கீழே
மூழ்கிக்கொண்டிருந்தார் சென்றாயன்.

"மேடம்," என்றார் வேடியப்பன், நெற்றியைப் பிடித்துக்கொண்டு.
"எனக்கும் மண்டை பொளக்குது."
அப்போதுதான் கேட்டேன்,
இவர் இடுப்பில் கயிறு கட்டியது யார்?
"நாந்தான்."
இறங்கித்தானே கட்டியிருக்க வேண்டும்.
இரண்டாவது முகமூடியைத் தேடி எடுத்தேன்.
திம்மராயன் கேட்காமலே கியரை மாற்றினார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு நாடியிலிருந்து ரத்தம் எடுத்து
மெஷினில் வைத்தார்கள்.
அது மட்டும் சீட்டு சீட்டாகப் பார்த்தது.
சென்றாயனுக்கு முப்பத்தியாறு.
மச்சானுக்குப் பதினாலு.
விரட்ட மருந்தில்லை. ஆக்சிஜனைக் கூட்டம் கூட்டமாய் அனுப்பிக்கொண்டே இருந்தால்
நெரிசல் தாங்காமல் ஒவ்வொன்றாய் எழுந்து போகும்,
ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனால் பாதி,
இன்னும் அவ்வளவு நேரத்தில் அதில் பாதி.

விடியற்காலை வேறு கேஸ் கொண்டுபோனபோது
வார்டில் எட்டிப் பார்த்தேன்.
முகமூடிக்குள் என்னவோ சொன்னார், குனிந்தேன்.

"இன்ஜினை யாராச்சும் நிறுத்தினாங்களா?"

டீசல் தீர்ந்து தானாய் நின்றிருக்கும் என்றேன்.
"அஞ்சு லிட்டரு," என்றார்.
பிறகு, அவ்வளவு டீசலுக்கும் சேர்த்து,
நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.