வா என்ற சொல்

உளுந்து என்று பெயர் வைத்தது சொரிமுத்து.
தோல் நீக்காத உளுந்து.
மூக்கோரம் மட்டும் ஒரு வெள்ளைக் கீறல்.
பணகுடிச் சந்தைக்கு முருங்கைக்காயோடு கூடையில் வந்து
காய் எல்லாம் விற்ற பிறகு
அடியில் மிச்சமிருந்தது.
பிறந்து நாற்பத்தெட்டு நாள் என்றாள் கூடைக்காரி,
முருங்கைக்காய்க்குச் சொல்வதுபோல.

முதல் வாரம் தரை முழுக்கப் பழைய பேப்பர்.
அது பேப்பர் இல்லாத இடமாகப் பார்த்து
நிதானமாகப் பெய்தது.
தூங்கி எழுந்தால் வாசல்.
தின்று முடித்தால் வாசல்.
விளையாட்டை நிறுத்தி, தரையை மோந்து, வட்டம் போட்டால்
அள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.
வெளியே பெய்ததற்கு ஒரு துண்டு வெந்த ஈரல்.
உள்ளே பெய்ததற்குத் துணியை எடு,
ஒன்றும் சொல்லாதே.
"மூக்கப் பிடிச்சு அதுலயே தேய்க்கணும்க்கா"
என்றான் பால்காரத் தளவாய்.
அவன் குரல் கேட்டால் அவன் வீட்டு நாய்
கட்டிலுக்கடியில் போய்விடும்.

பல்லா அது, ஊசி.
கடித்தால் 'ஆ' என்று கத்து,
முதுகைக் காட்டி உட்கார், இருபது எண்ணு.
என் புறங்கையில் பதினோரு பொட்டு.
காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில்
இரவு ஷிஃப்டுக்குப் போனால்
"உடைமுள்ளுக்குள்ள விழுந்தியளா மேடம்?" என்கிறார்கள்.

நான் 'உக்காரு' என்றேன்.
சொரிமுத்துக்கு நாகர்கோவில் பக்கம், 'இரி' என்றார்.
அடுத்த வீட்டு ஜெபிஷா
'சிட் சிட் சிட்' என்று குதித்தாள்.
உளுந்து மூன்று பேரையும் பார்த்துக்
கொட்டாவி விட்டது.
அன்று ராத்திரி தோசைக்கு முன்னால் பேச்சுவார்த்தை.
வீட்டுக்கு ஒரு சொல்.
'இரி' தோற்றது.
இரண்டு நாள் முறைப்பு.

'வா'வுக்கு மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை.
வா என்று கூப்பிட்டுப் பூச்சி மருந்து ஊற்றக் கூடாது.
வா என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டக் கூடாது.
சங்கிலி மாட்ட, திட்ட,
அறைக்குள் போட்டு அடைக்க,
அதற்கெல்லாம் நாமே எழுந்து அதனிடம் போக வேண்டும்.
வா என்றால் ஈரல். வா என்றால் காதுக்குப் பின்னால் சொறிதல்.
வேறு எதுவும் அந்தச் சொல்லில் ஒட்டக் கூடாது.

"ஒரு சொல்லுக்கா இந்தப் பாடு?" என்றார்.

என் அப்பா 'வா தாயீ' என்பார்,
கருப்பட்டிபோல அவ்வளவு இனிப்பாய்.
இடது கை முன்னால் நீண்டிருக்கும்.
வலது கை எங்கே என்று பார்க்க
எனக்கு ஏழு வயதாயிற்று.

இதை அவரிடம் சொல்லவில்லை.
ஈரல் வெந்ததா என்று பார்க்கப் போனேன்.

ஆடி பிறந்தது. கணவாய்க் காற்று
தகரம், கொடித்துணி, பேச்சு
எதையும் இருந்த இடத்தில் விடாத காற்று,
சாயங்காலம் ஆறரைக்குக் கேட்டைத் திறந்துவிட்டது.
நான் வாசலுக்கு வரும்போது
உளுந்து நாலுவழிச் சாலைக்குப் பாதி தூரத்தில்.
'வா' என்றேன்.
காற்று அதை ராதாபுரத்துக்குக் கொண்டுபோனது.
இன்னொரு முறை சொல்லக் கூடாது,
சொன்னால் சொல் தேயும்.
துரத்தவும் கூடாது,
துரத்தினால் அதற்கு விளையாட்டு.

திரும்பினேன்.
சாலைக்கு முதுகைக் காட்டி
நாற்பத்து மூன்று வயது, நைட்டி, மேலே துண்டு,
எதிர்ப்பக்கம் ஓடினேன்.
துண்டு பறந்தது.
மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்தன.
பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.
திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.
கால் தடுக்கிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மூச்சு கேட்டது.
பிறகு இடுப்பில் ஈர மூக்கு.
வாயில் சொரிமுத்துவின் புதுச் செருப்பு,
தங்கை வீட்டுப் பால்காய்ப்புக்கென்று வாங்கியது,
வார் அறுந்து தொங்கியது.

என் வலது கை தானாக எழுந்தது.
உளுந்து அதை அண்ணாந்து பார்த்தது,
வாலை ஆட்டிக்கொண்டு.
ஈரல் கொண்டுவரவில்லை.
எழுந்த கையைக் கொண்டுபோய்
அதன் காதுக்குப் பின்னால் வைத்தேன்.
"நல்ல புள்ள" என்றேன், மூச்சு வாங்க.
"நல்ல புள்ளட்டி நீ, சவமே."

செருப்பை மட்டும் அது தரவில்லை.
'விடு' இன்னும் நாங்கள் ஆரம்பிக்கவில்லை.